700 வருடப் பழமையான தேவாலயத்தின் கூரையில் சோலார் பேனல் வைக்கலாமா? இங்கிலாந்தில் நடப்பது என்ன? முழு விளக்கம்

இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நடுவில் ஒரு பழைய கல் தேவாலயம் இருக்கும். சில 900 வருடம் தாண்டியவை. அந்தக் கூரைகளில் இப்போது சோலார் பேனல்கள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. 'பூமியைக் காப்பாற்றத்தானே, வைக்கட்டும்' என்கிறது ஒரு தரப்பு. 'நம்ம காலத்துல வந்த ஒரு தேவைக்காக 700 வருடக் கட்டடத்தின் முகத்தையே மாத்தணுமா?' என்கிறது இன்னொரு தரப்பு.

கேட்பதற்கு எளிய கேள்வி போலத் தெரிந்தாலும் சட்டம், பொறியியல், பணம், குளிர்காலம் என நான்கு பக்கமும் இதில் சிக்கல் இருக்கிறது. பேனல் வைத்த எல்லா தேவாலயத்துக்கும் லாபம் கிடையாது. வைக்காமல் விட்டதெல்லாம் தவறும் கிடையாது. ஏன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

* சர்ச் ஆஃப் இங்கிலாந்து 2030-க்குள் 'நெட் ஜீரோ', அதாவது நிகர கார்பன் வெளியேற்றம் பூஜ்யம் என்ற இலக்கை வைத்திருக்கிறது.
* பழைய தேவாலயங்களின் கூரை அமைப்பு சோலாருக்கு நன்றாகவே பொருந்துகிறது.
* பாரம்பரியக் கட்டடம் என்பதால் திருச்சபையின் தனி நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும்.
* பகலில் மின்சாரத்தைப் பயன்படுத்தும் தேவாலயத்துக்குத்தான் முழுப் பலன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் தேவாலயத்துக்குக் கணக்கு இடிக்கும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

சர்ச் ஆஃப் இங்கிலாந்து என்பது அந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் திருச்சபை. அதன் கீழ் சுமார் 16,000 தேவாலயங்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை 'பாரிஷ் சர்ச்', அதாவது ஓர் ஊருக்கோ பகுதிக்கோ உரிய பங்கு தேவாலயங்கள். 12,000-க்கும் அதிகமானவை அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கின்றன. இங்கிலாந்தில் மிக உயர்ந்த தகுதியான 'கிரேடு 1' பெற்ற கட்டடங்களில் ஏறத்தாழ 45 சதவிகிதம் இந்தத் திருச்சபையின் தேவாலயங்கள்தான்.

2020 பிப்ரவரியில் திருச்சபையின் ஆட்சி மன்றமான ஜெனரல் சினட் கூடியது. 2045-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்யம் ஆக்கலாம் என்ற தீர்மானம் அங்கே வந்தது. 'அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது' என்று உறுப்பினர்கள் திருத்தம் கொண்டுவந்து, கெடுவை 2030-க்கு முன்னே இழுத்துவிட்டார்கள். அதை எப்படி அடைவது என்ற செயல்திட்டத்துக்கு 2022 ஜூலையில் சினட் ஒப்புதல் கொடுத்தது.

அதே 2022-ல் இன்னொரு அடியும் விழுந்தது. ரஷ்யா-உக்ரைன் போரால் ஐரோப்பா முழுக்க எரிவாயு, மின்சார விலை எகிறியது. பிரிட்டனில் வீடுகளுக்கு மின்கட்டண உச்சவரம்பு உண்டு. தேவாலயங்கள் வீட்டு இணைப்புக் கணக்கில் வராததால் அந்தப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊர் தேவாலயத்தின் அன்றாடப் பராமரிப்புக்கு அரசு பணம் தருவதில்லை. கூரை ஒழுகினாலும் மின் பில் வந்தாலும் அந்த ஊர் சபையின் நிர்வாகக் குழுதான் பார்க்க வேண்டும். பல கிராமங்களில் வாராந்திர ஆராதனைக்கு வருபவர்களே சொற்பம். ஆக, கரண்ட் பில் என்பது சில இடங்களில் தேவாலயம் திறந்திருக்குமா, பூட்டப்படுமா என்ற கேள்வியோடு சேர்ந்தே வருகிறது.

பழைய தேவாலயக் கூரை சோலாருக்கு எப்படிப் பொருந்துகிறது?

சோலார் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் கட்டப்பட்டவை இவை. ஆனாலும் அந்தக் காலத்துக் கட்டட மரபு இன்றைக்குக் கைகொடுக்கிறது.

தேவாலயங்களைக் கிழக்கு மேற்காக நீளவாட்டில் கட்டுவது பழைய வழக்கம். பலிபீடம் கிழக்கில் இருக்கும். அப்படிக் கட்டும்போது கூரையின் ஒரு நீண்ட பக்கம் தானாகவே தெற்கைப் பார்த்து அமைந்துவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே, அதுவும் இங்கிலாந்து போலத் தொலைவில் இருக்கும் நாட்டில் நண்பகல் சூரியன் எப்போதும் தென்வானத்தில்தான் இருக்கும். தெற்கு பார்த்த பெரிய கூரை என்றால் சோலார்காரருக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது சாதகம், கைப்பிடிச் சுவர். 14, 15-ம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு கட்டப்பட்ட, அல்லது மாற்றிக் கட்டப்பட்ட பல தேவாலயங்களில் கூரை அதிகச் சாய்வு இல்லாமல் ஈயத் தகடு வேய்ந்திருக்கும். அதைச் சுற்றி கல்லால் ஆன கைப்பிடிச் சுவர் எழும்பி நிற்கும். அதன் பின்னால் பேனலைப் படுக்கவைத்தால் கீழே நடப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

எல்லா தேவாலயத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. செங்குத்தான ஓட்டுக் கூரையோ ஸ்லேட் கல் கூரையோ இருந்தால் பேனல் பளிச்சென்று வெளியே தெரியும். சில இடங்களில் கோபுரமே கூரை மேல் நிழலை விழவைக்கும். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் பெரிய மரங்களும் வெயிலை மறைக்கும். அந்த மரங்களையும் நினைத்தபடி வெட்ட முடியாது.

சரி, யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

இங்கிலாந்தில் ஒரு பாரம்பரியக் கட்டடத்தை மாற்ற வேண்டுமானால் உள்ளாட்சி மன்றத்திடம் தனி அனுமதி பெற வேண்டும். ஆனால் சர்ச் ஆஃப் இங்கிலாந்து உள்ளிட்ட சில திருச்சபைகளின் வழிபாட்டுத் தலங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 'உங்களிடமே கண்டிப்பான சொந்த ஏற்பாடு இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு அரசு தந்திருக்கும் விலக்கு இது.

சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'ஃபேகல்ட்டி'. பல ஊர் தேவாலயங்களைச் சேர்த்த நிர்வாகப் பகுதியை நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் திருமண்டலம் என்பார்கள். அங்கேயும் அதே அமைப்புதான். ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் 'கன்சிஸ்டரி கோர்ட்' என்ற திருச்சபை நீதிமன்றம் இருக்கிறது. அதன் நீதிபதிக்கு 'சான்சலர்' என்று பெயர். அவர் சட்டம் படித்த நிபுணர். அவர் தரும் அனுமதி உத்தரவுதான் ஃபேகல்ட்டி.

நடைமுறை இப்படிப் போகும்:

* படி 1: ஊர் சபை இரண்டு ஆவணங்களைத் தயாரிக்க வேண்டும். இந்தக் கட்டடத்தின் சிறப்பு என்ன என்பதைச் சொல்வது ஒன்று. இந்த மாற்றம் ஏன் தேவை என்பதைச் சொல்வது மற்றொன்று.
* படி 2: திருமண்டலத்தின் ஆலோசனைக் குழு அதைப் பார்க்கும். கட்டடக்கலை, தொல்லியல், மணி, வெப்பமூட்டல் என ஒவ்வொரு துறைக்கும் அதில் ஆலோசகர்கள் உண்டு. 'பரிந்துரைக்கிறோம்', 'ஆட்சேபம் இல்லை', 'பரிந்துரைக்கவில்லை' என்ற மூன்றில் ஒன்றை அது சொல்லும்.
* படி 3: அரசின் பாரம்பரிய ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, உள்ளாட்சி மன்றம், பாரம்பரியச் சங்கங்கள் ஆகியோரிடம் தேவைக்கேற்பக் கருத்து கேட்கப்படும். வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் இதில் ஒன்று.
* படி 4: பொது அறிவிப்பு 28 நாட்கள் ஒட்டப்படும். ஊர்க்காரர் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.
* படி 5: சான்சலர் முடிவெடுப்பார். பெரும்பாலான மனுக்கள் நேரடி விசாரணை இல்லாமல் காகிதத்திலேயே முடிந்துவிடும்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. பேனல் வெளித்தோற்றத்தை மாற்றும் என்றால் உள்ளாட்சி மன்றத்தின் திட்ட அனுமதியும் தனியாக வேண்டும். திருச்சபைக்கான விலக்கு அதற்குச் செல்லாது.

2022 ஜூலையில் இந்த விதிகளில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. நெட் ஜீரோ வழிகாட்டுதலைக் கவனத்தில் கொண்டார்களா என்பதை விண்ணப்பிக்கும் சபைகள் விளக்க வேண்டும். பழைய எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை மாட்டுவதற்கும் இப்போது முழு அனுமதி தேவை. முன்பு 'ஏன் சோலார் வைக்கணும்?' என்று மட்டுமே கேட்டார்கள். இப்போது 'ஏன் மறுபடியும் பாய்லர்?' என்றும் கேட்கிறார்கள்.

நீதிபதி எதைப் பார்த்து முடிவெடுப்பார்?

இதற்கு அடிப்படையாக இருப்பது 2012-ல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு. டஃபீல்டு என்ற ஊரில் உள்ள புனித ஆல்க்மண்ட் தேவாலயத்தின் வழக்கு அது. அந்த வழக்குக்கும் சோலாருக்கும் சம்பந்தமே இல்லை. தேவாலயத்துக்குள் இருந்த ஒரு தடுப்புச் சட்டத்தை இடம் மாற்றலாமா என்பதுதான் பிரச்னை. ஆனால் நீதிமன்றம் அதில் வகுத்த கேள்விகள் இன்றுவரை எல்லாப் பாரம்பரிய தேவாலய வழக்குகளுக்கும் அளவுகோலாக இருக்கின்றன.

1. இந்த மாற்றத்தால் கட்டடத்தின் கலை, வரலாற்றுச் சிறப்புக்குப் பாதிப்பு வருமா?
2. வராது என்றால், மாற்றம் கேட்பவர் சாதாரணமான நியாயத்தைக் காட்டினால் போதுமா?
3. வரும் என்றால், அந்தப் பாதிப்பு எவ்வளவு தீவிரமானது?
4. மாற்றத்துக்குச் சொல்லும் காரணம் எவ்வளவு தெளிவானது, ஏற்கத்தக்கது?
5. அதனால் கிடைக்கும் பொது நன்மை, அந்தப் பாதிப்பைவிடக் கனமானதா?

ஐந்தாவது கேள்வியில்தான் சூட்சுமம். பாதிப்பு கூடக் கூட, நன்மையும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கிரேடு 1, அதற்கு அடுத்த நட்சத்திரத் தகுதி பெற்ற கிரேடு 2 கட்டடங்களுக்குத் தீவிரப் பாதிப்பு என்றால் மிக அபூர்வமாகத்தான் அனுமதி கிடைக்கும்.

சோலார் மனு போடுபவர்களுக்கு இங்கே இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. ஒன்று, 'கண்ணில் படாது'. இன்னொன்று, 'கழற்றிவிடலாம்'. பேனலின் ஆயுள் பொதுவாக 25 முதல் 30 வருடம். கல்லையோ மரத்தையோ துளைக்காமல் வைத்தால், அதை எடுத்த பிறகு கட்டடம் பழையபடியே நிற்கும். 700 வருடக் கட்டடத்தின் கணக்கில் 30 வருடம் என்பது ஒரு சின்ன இடைவேளைதான்.

ஏற்கெனவே எங்கெல்லாம் வைத்திருக்கிறார்கள்?

* புனித ஜேம்ஸ் தேவாலயம், பிக்காடிலி, லண்டன்: கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1684-ல் அர்ப்பணிக்கப்பட்ட பங்கு தேவாலயம். 2005-லேயே இங்கே சோலார் பேனல் வந்துவிட்டது.
* பிராட்ஃபோர்டு பேராலயம்: 2011-ல் 42 பேனல்கள். பிரிட்டனில் சோலார் வைத்த முதல் பேராலயம் இதுதான்.
* க்ளோஸ்டர் பேராலயம்: 1089-ல் கட்டத் தொடங்கியது. 2016-ல் நடுக்கூடத்தின் கூரையில் 150 பேனல்கள் ஏறின. கைப்பிடிச் சுவர் இருப்பதால் தரையிலிருந்து தெரியாது.
* கிங்ஸ் கல்லூரி ஆலயம், கேம்பிரிட்ஜ்: 2023 நவம்பரில் 438 பேனல்கள்.
* யார்க் மின்ஸ்டர்: 2024-ல் தெற்குப் பக்கக்கூடத்தின் கூரையில் 184 பேனல்கள்.

இதில் கிங்ஸ் கல்லூரி ஆலயம்தான் அதிகச் சர்ச்சையைக் கிளப்பியது. அது பங்கு தேவாலயம் அல்ல, கல்லூரிக்குச் சொந்தமான ஆலயம். ஆறாம் ஹென்றி மன்னர் 1446-ல் அடிக்கல் நாட்டியது. கூரையின் ஈயத் தகடுகள் வயதாகிப்போய் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, 'சாரம் கட்டித்தானே ஆகணும், சோலாரையும் சேர்த்தே வெச்சிடலாம்' என்று கல்லூரி முடிவெடுத்தது. இவ்வளவு முக்கியமான கட்டடத்தின் தோற்றம் பாதிக்கப்படும் என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து கவலை தெரிவித்தது. இருந்தும் 2023-ல் நகர மன்றம் அனுமதி கொடுத்தது. வருடத்துக்கு 23 டன்னுக்கு மேல் கார்பன் வெளியேற்றம் குறையும் என்பது கல்லூரி தரப்புக் கணக்கு.

இந்தச் சர்ச்சையில் மற்ற சபைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சோலாருக்குச் சரியான நேரம், கூரையைப் பழுதுபார்க்கும் நேரம்தான். சாரம் கட்டுவதற்கான செலவே தேவாலயங்களுக்குப் பெரும் பாரம். அதை இரண்டு முறை செய்யாமல் ஒரே முறையில் முடிக்கலாம்.

கூரை மேலே என்ன சவால்?

வீட்டு மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் போட்டு போல்ட் முடுக்குவது மாதிரி இங்கே செய்ய முடியாது.

*ஈயத் தகடு:* வெயில் பட்டால் ஈயம் விரியும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் தகடுகளை மடித்துப் பொருத்தியிருப்பார்கள். அதைத் துளைத்து எதையாவது இறுக்கினால் தகடு கிழியும், தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் சாய்வு குறைந்த கூரைகளில் துளையிடாமல் பாரம் வைத்து நிறுத்தும் சட்டங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஈயம் திருடுபோன தேவாலயங்கள் பலவற்றில் அதற்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு போட்டிருப்பார்கள். அதன் மடிப்பு விளிம்பில் கவ்விகளைப் பிடித்துப் பேனலை மாட்டலாம்.

*எடை:* ஒரு பேனல் சுமார் 20 கிலோ. அதைத் தாங்கும் சட்டமும் பாரமும் தனி. கீழே இருப்பது சில நூற்றாண்டுப் பழமையான ஓக் மர உத்தரங்கள். காற்று அடிக்கும்போது பேனலைத் தூக்கப் பார்க்கும் விசையும் உண்டு. கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லாமல் ஒரு பேனலைக்கூட ஏற்றக் கூடாது.

*வௌவால்:* பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றுக்குப் பிடித்த இடமே பழைய தேவாலயக் கூரைதான். வௌவால் தங்கியிருந்தால் ஆய்வு நடத்தி, அது குட்டி போடும் காலத்தைத் தவிர்த்துத்தான் வேலை செய்ய முடியும்.

*மின் இணைப்பு:* கிராமத்து தேவாலயத்துக்கு வரும் மின்கம்பி, நாலு விளக்கு எரிய என்று எப்போதோ இழுத்ததாக இருக்கலாம். ஒரு ஃபேஸுக்கு 3.68 கிலோவாட் வரை என்றால் வைத்த பிறகு மின் விநியோக நிறுவனத்துக்குத் தகவல் சொன்னால் போதும். அதைத் தாண்டினால் முன் அனுமதி வேண்டும். சில இடங்களில் லைனைப் பலப்படுத்தும் செலவும் சேரும்.

இவை தவிர இடிதாங்கியோடு ஒத்துப்போகிறதா, தீ விபத்து நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

'கூரையில் எதுக்கு வம்பு, தரையில் வைக்கலாமே?' என்று கேட்கலாம். தேவாலயத்தைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கல்லறைத் தோட்டம். தோண்டினால் எலும்பும் தொல்பொருளும் வரும். அதனால் பல சபைகள் பக்கத்தில் இருக்கும் சமுதாயக் கூடத்தின் கூரையைத் தேர்ந்தெடுக்கின்றன. அது புதிய கட்டடமாக இருந்தால் வேலையும் சுலபம், அனுமதியும் சுலபம்.

கட்டுபடியாகுமா? ஒரு கணக்கு

இங்கிலாந்தில் 1 கிலோவாட் பேனல் வருடத்துக்குச் சுமார் 850 முதல் 1,000 யூனிட் தரும். நம்ம ஊர்ல நாளுக்கு 4 யூனிட் என்று சோலார்காரர்கள் சொல்வார்கள். அங்கே சராசரியாக இரண்டரை யூனிட்தான்.

புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 400 வாட் பேனல் 25, மொத்தம் 10 கிலோவாட். வருடத்துக்கு 9,000 யூனிட். செலவு 15,000 பவுண்ட். வாங்கும் மின்சாரம் யூனிட் 25 பென்ஸ், விற்றால் கிடைப்பது 10 பென்ஸ். 100 பென்ஸ் சேர்ந்தால் 1 பவுண்ட்.

* தேவாலயம் அ: வார நாட்களில் மழலையர் பள்ளி, காபி கடை, அலுவலகம் எல்லாம் உள்ளே இயங்குகின்றன. 70 சதவிகித மின்சாரத்தைத் தானே பயன்படுத்துகிறது. வருடப் பலன் 1,845 பவுண்ட். போட்ட காசு சுமார் 8 வருடத்தில் திரும்பிவிடும்.
* தேவாலயம் ஆ: ஞாயிறு காலை மட்டும் திறக்கிறது. பயன்பாடு 15 சதவிகிதம்தான். மீதியை விற்றாலும் வருடப் பலன் சுமார் 1,100 பவுண்ட். 13 வருடத்துக்கு மேல் ஆகும்.
* தேவாலயம் இ: அதே ஞாயிறு மட்டும், விற்கவும் வழியில்லை. பலன் வருடத்துக்குச் சுமார் 340 பவுண்ட். போட்ட காசு திரும்ப 44 வருடம். அதற்குள் பேனலின் ஆயுளே முடிந்துவிடும்.

அதே பேனல், அதே வெயில். வித்தியாசம், கதவு எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதில் மட்டும்தான்.

முன்பு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2010 ஏப்ரலில் தொடங்கிய அரசுத் திட்டத்தில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் கிடைத்தது. பல தேவாலயங்கள் அதை நம்பித்தான் இறங்கின. 2019 மார்ச் 31-ஓடு புதியவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. 2020 ஜனவரி முதல், கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு மட்டும் மின் நிறுவனங்கள் விலை தருகின்றன.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 2024 பிப்ரவரி 1 முதல், அறப்பணிக்காக மட்டுமே பயன்படும் கட்டடங்களில் சோலார் பேனலும் பேட்டரியும் நிறுவினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இந்தச் சலுகை 2027 மார்ச் 31 வரை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.

பெரிய முரண்: குளிர் காலத்தில் வெயில் இல்லை

ஒரு தேவாலயத்தின் எரிசக்திச் செலவில் பெரும்பகுதி விளக்குக்கோ ஒலிபெருக்கிக்கோ போவதில்லை. வெப்பமூட்டலுக்குத்தான் போகிறது. உயரமான கல் கட்டடம், மேலே வெற்றிடம், பழைய ஜன்னல்கள். எரிவாயு அல்லது எண்ணெய் பாய்லரை இரண்டு மணி நேரம் ஓட்டினால் சூடான காற்று கூரைக்கு ஏறிவிடும். கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் கால் விறைக்கும்.

வெப்பம் தேவைப்படுவது டிசம்பர், ஜனவரியில். அப்போது லண்டனில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஜூனில் அது 62 டிகிரி. டிசம்பர் உற்பத்தி, ஜூனில் கிடைப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சாய்வு குறைந்த கூரையில் அதைவிடவும் குறைவு. பேட்டரி வைத்தால் பகல் மின்சாரத்தை ராத்திரிக்குக் கொண்டுபோகலாம். ஜூன் மாத வெயிலை ஜனவரிக்குக் கொண்டுபோக முடியாது.

அதாவது, கூரையில் பேனல் ஏறியதாலேயே ஒரு தேவாலயம் பசுமை தேவாலயம் ஆகிவிடாது. கீழே எண்ணெய் பாய்லர் ஓடிக்கொண்டே இருந்தால் கார்பனில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. கிரிட் மின்சாரமே வருடா வருடம் சுத்தமாகி வருவதால், ஒரு யூனிட் சோலாரால் மிச்சமாகும் கார்பனும் குறைந்துகொண்டே வருகிறது.

அப்போ முதல்ல என்ன செய்யணும்?

திருச்சபையின் வழிகாட்டுதலும் சோலாரை முதல் படியாகச் சொல்லவில்லை. வரிசை கிட்டத்தட்ட இப்படி:

* கூரை, மழைநீர்க் குழாய்களைச் சரிசெய்வது. ஈரச் சுவர் சூட்டை வேகமாக இழக்கும்.
* கதவு இடுக்கில் வரும் குளிர்காற்றை அடைப்பது.
* விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றுவது.
* கட்டடம் முழுவதையும் சூடாக்காமல், உட்காரும் இருக்கைக்குக் கீழே மின் ஹீட்டர் வைத்து ஆளைச் சூடாக்குவது.
* பாய்லர் ஆயுள் முடியும்போது, பயன்பாடு அதிகமுள்ள தேவாலயமாக இருந்தால் ஹீட் பம்ப்.
* நல்ல கூரையும் பகல்நேரப் பயன்பாடும் இருந்தால் சோலார்.

வெப்பமூட்டல் மின்சாரத்துக்கு மாறிய பிறகு, சோலாரின் பங்கும் கூடும். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் ஓரளவு வெயிலும் இருக்கும், லேசான குளிரும் இருக்கும். அந்த மாதங்களில் கூரை மின்சாரத்திலேயே ஹீட்டர் ஓட வாய்ப்பு உண்டு.

எதிர்ப்பவர்கள் சொல்வது தவறா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பாரம்பரிய அமைப்புகள் சோலாரையே எதிர்க்கின்றன என்பது சரியல்ல. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து 2024-ல் பழைய கட்டடங்களின் எரிசக்தி மாற்றங்களுக்கென்றே ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. கட்டடத்தின் சிறப்பைக் கெடுக்காத இடத்தில் வைத்தால் சோலாருக்கு அதில் இடம் இருக்கிறது. அவர்களின் கேள்வி, எங்கே, எப்படி, எதற்காக என்பதுதான்.

ஊர் தேவாலயம் விசுவாசிகளுக்கு மட்டுமான சொத்து அல்ல. ஆராதனைக்குப் போகாதவருக்கும் அதுதான் ஊரின் அடையாளம். தாத்தா பாட்டி புதைக்கப்பட்ட இடம். அந்த ஓட்டுக் கூரையில் கறுப்புக் கண்ணாடி பளபளத்தால் அவருக்கு வருத்தம் வரத்தான் செய்யும். இன்னொரு பக்கம், ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கட்டடத்தில் கை வைத்தே வந்திருக்கிறது. மெழுகுவர்த்தி போய் எரிவாயு விளக்கு வந்தது, பிறகு மின் விளக்கு வந்தது. விக்டோரியா காலத்தில் தரையைத் தோண்டி வெந்நீர்க் குழாய் பதித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் கழற்றக்கூடிய பேனல் சாதுவானது என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

மொத்தத்தில்...

ஒரு சபை சோலார் பற்றி யோசிக்கிறது என்றால், கூரைக்கு ஏறும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். கீழிருந்து பேனல் தெரியுமா? கூரைக்கு அடுத்த 25 வருடம் பழுதுபார்ப்பு வேலை வராதா? கழற்றினால் கட்டடம் பழையபடி இருக்குமா? வார நாட்களில் உள்ளே யாராவது இருக்கிறார்களா?

முதல் மூன்றையும் கட்டடக்கலை நிபுணரும் பொறியாளரும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான்காவதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். தபால் நிலையமும் கடையும் மூடிப்போன கிராமங்களில், தேவாலயத்தின் ஒரு மூலையில் காபி கடையும் குழந்தைகள் விளையாட்டுக் குழுவும் முதியோர் மதிய உணவும் நடக்கத் தொடங்கினால், பேனலுக்கும் வேலை வரும். அப்படி நடக்காத இடத்தில் எத்தனை பேனல் வைத்தாலும், பூட்டிய கதவுக்கு மேல் மின்சாரம் தயாராகிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.